ஒருதெய்வக் கொள்கையில் பலதெய்வச் சுவடுகள்: பசுவந்தனை வட்டாரச் சான்றுகள் கொண்டு ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் களமும்

கடவுள் ஒருவரே என்னும் கொள்கை உலகச் சமயங்கள் பலவற்றுக்கு உயிர்நிலையாய் நிற்பது. யூதம், கிறித்தவம், இசுலாம் ஆகிய மூன்றும் அதனைத் தம் தலைமைக் கொள்கையாகக் கூறும். பதி ஒன்றே எனச் சைவ சித்தாந்தமும் நிறுவும். எனினும் இக்கொள்கைகள் வேரூன்றிய நிலங்களில் முன்னர்ப் பல தெய்வங்கள் வழிபடப்பெற்றன என்பது வரலாற்றால் அறியப்படுவது. அத்தெய்வங்கள் யாங்குச் சென்றன? முற்றும் மறைந்தனவா? ஒன்றனுள் அடங்கினவா? அடங்கின எனின், அடங்கிய வடுவைச் சொல்லிலும் சடங்கிலும் கதையிலும் இன்று காண இயலுமா? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருளாம்.

இவ்வாய்வுக்கு யாம் கொண்ட களம் கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே அமைந்த பசுவந்தனையும் அதனைச் சூழ்ந்த கரிசல் நிலமும் ஆகும். இக்களத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்து ஒட்டப்பிடாரம் வட்டத்தில் உள்ள பசுவந்தனையில் கைலாசநாதரும் ஆனந்தவல்லி அம்மையும் எழுந்தருளிய சிவன் கோயில் உள்ளது. அண்மையில் உள்ள எட்டயபுரத்தில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கவிடம் உள்ளது. வீரமாமுனிவர் தொண்டாற்றிய காமநாயக்கன்பட்டியும் இவ்வட்டாரத்ததே. கழுகுமலையில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலச் சமணச் சிற்பங்களும் வெட்டுவான் கோயிலும் ஒரே குன்றில் நிற்கின்றன. இவற்றுக்கிடையே ஊர்தோறும் ஐயனாரும் மாடனும் காளியும் மாரியும் வழிபடப்பெறுகின்றனர். ஆகவே, ஒருதெய்வக் கொள்கையர் மூவரும் பலதெய்வ வழிபாட்டினரும் அடுத்தடுத்து வாழும் நிலம் இது. பிற நாடுகளில் அகழ்ந்தெடுத்த ஓடுகளாலும் சுவடிகளாலும் மட்டுமே அறியப்படும் செய்திகளுக்கு ஒப்பானவற்றை இங்குக் கண்ணாற் காணவும் காதாற் கேட்கவும் இயலும்.

2. இருவகைக் கொள்கைகள்

இப்பொருள் குறித்து மேலைநாட்டார் கொண்ட கருத்துகள் இருவகைப்படும். மாந்தர் முதலில் பல தெய்வங்களை வணங்கிப் பின்னரே ஒன்றென உணர்ந்தனர் என்பது ஒருவகை. தாவீது இயூம் 1757இலும், ஆவி வழிபாட்டிலிருந்து சமய வளர்ச்சியை விளக்கிய தைலர் 1871இலும் இதனை வலியுறுத்தினர். தொடக்கத்திலேயே ஒரு பெருந்தெய்வ உணர்வு இருந்தது, பின்னரே அது பலவாகச் சிதைந்தது என்பது மற்றொரு வகை. வில்லெம் சிமித்து என்னும் செருமானியத் துறவியார் 1912 முதல் பல தொகுதிகளாக வெளியிட்ட நூலில் இதனை நிறுவ முயன்றார்.

இவ்விரு கருத்துகளும் நெல்லைச் சீமையை நோக்கி முன்னரே ஒருவரால் ஒருங்கே கூறப்பட்டமை குறிக்கத்தக்கது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் 1849இல் வெளியிட்ட நூலில் இந்நாட்டுப் பேய் வழிபாட்டை விரித்துரைத்தார். 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்திலோ, பண்டைத் திராவிடர் 'கோ' எனப் பெயரிட்டு ஒரு கடவுளை ஒப்பினர் என்றும், அவர்க்கு எடுத்த இல்லமே 'கோயில்' என்றும் கருதினார். 'கோ' என்பது பழந்தமிழில் அரசனைக் குறித்த சொல். 'கோயில்' அரண்மனைக்கும் வழங்கியது. அரசனுக்குரிய சொல் தெய்வத்துக்கு ஆயிற்று என்று கொள்வதே இலக்கிய வழக்கோடு பொருந்தும். ஆகவே இச்சொல் பண்டை ஒருதெய்வ வழிபாட்டுக்குச் சான்றாகாது. ஆனால், ஒரு நாட்டுக்கு ஓர் அரசன் என்னும் எண்ணம் உலகுக்கு ஓர் இறைவன் என்னும் எண்ணத்துக்குச் சொல் வழங்கியதற்குச் சான்றாகும். 'இறைவன்', 'பெருமான்' முதலிய சொற்களின் வரலாறும் இதனையே காட்டும்.

தமிழறிஞருள்ளும் இருசாரார் உளர். பழந்தமிழர் என்றும் ஒருதெய்வக் கொள்கையினரே எனக் கொண்டு, மாறான சான்றுகளை எல்லாம் பிற்சேர்க்கை எனத் தள்ளுவார் ஒரு சாரார். சுவடு காணப்பட்டதே போதும், ஒருதெய்வக் கொள்கை வெறும் புனைவு என்று முடிவு கட்டுவார் மற்றொரு சாரார். முன்னவர் நூலைத் திருத்துகின்றனர். பின்னவர் நூலுக்கு மேற்பட்ட முடிபுக்குத் தாவுகின்றனர். இருவரையும் விலக்கிச் சான்று செல்லும் எல்லை வரை செல்வதே ஆய்வு நெறியாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒலி ஒப்புமை ஒன்றே சான்றாகாது. நெல்லை, தூத்துக்குடிப் பகுதி மக்கள் பங்குனி உத்திரத்தில் சென்று வழிபடும் சாத்தனும், விவிலியத்துச் சாத்தானும் ஒலியால் நெருங்கியவர். பின்னையது பகைவன் எனப் பொருள்படும் எபிரேயச் சொல். முன்னையதற்கு அதனோடு எவ்வகைத் தொடர்பும் இல்லை. பெயர், பொருள், சடங்கு, காலம் ஆகியன ஒன்றையொன்று தாங்கும்போதே சுவடு எனக் கொள்ளல் தகும்.

3. பெயரில் நிற்கும் சுவடு

ஒருதெய்வக் கொள்கை புதிதாக ஒரு பெயரைப் படைத்துக்கொள்வது அரிது. முன்னர்ப் பலருக்கு உரியதாயிருந்த பெயரையே அது தனக்கு உரியதாக்கிக் கொள்ளும்.

எபிரேய மறையில் இறைவனைக் குறிக்கும் 'ஏலோகீம்' வடிவால் பன்மைச் சொல்லாகும். அஃது இசுரவேலரின் இறைவனைக் குறிக்குங்கால் ஒருமை வினை கொண்டு முடியும்; பிற நாட்டுத் தெய்வங்களைக் குறிக்குங்கால் பன்மையாகவே நிற்கும். 'ஏல்' என்னும் சொல்லின் வரலாறு மேலும் தெளிவானது. சிரியக் கடற்கரையில் 1929 முதல் அகழப்பெற்ற உகாரித் நகரத்துக் களிமண் ஏடுகளில் ஏல் என்பது தெய்வக் குழுவின் தலைவனது பெயர். அவன் துணைவி அசேரா எனத்தக்க பெயருடையாள். பாகால் என்னும் மழைத் தெய்வமும் அக்குழுவினனே. இப்பெயரே இசுரவேல், மிக்கேல், கபிரியேல் என்னும் பெயர்களின் ஈற்றில் நிற்கின்றது. கரிசற்காட்டுச் சிற்றூர் ஒன்றில் மிக்கேல் என மகனை அழைக்கும் தாயின் வாயில் மூவாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தெய்வப் பெயர் ஒன்று ஒலிக்கின்றது.

அரபு நாட்டு வரலாறும் இவ்வகையினதே. 'அல்லாஹ்' என்பது தெய்வம் எனப் பொருள்படும் 'இலாஹ்' என்னும் பொதுச்சொல் சுட்டோடு கூடியது என்பர் மொழிநூலார் பலர். நபிகள் நாயகத்தின் தந்தையார் பெயர் அப்துல்லாஹ் என்பது அப்பெயர் இசுலாத்துக்கு முன்னரே வழங்கியதைக் காட்டும். படைத்தவன் அல்லாஹ்வே என்பதை மக்கத்தார் ஒப்பினர் எனத் திருக்குர்ஆனே கூறுகின்றது. அவனோடு பிறரையும் வணங்கியதே அங்குக் கடியப்பெற்ற குற்றம். லாத்து, உஸ்ஸா, மனாத்து என்னும் பெண் தெய்வங்களின் பெயரை அந்நசும் என்னும் அதிகாரம் சொல்லி மறுக்கின்றது. கி.பி. 630இல் மக்கா வெற்றியின்போது கஅபாவிலிருந்த 360 உருவங்கள் அகற்றப்பட்டன என்பது இசுலாமிய மரபு. ஆபிரகாம் நிறுவிய தூய வழிபாடே பின்னர் மாசுற்று மீண்டும் தூய்மை பெற்றது என்பது அம்மரபினர் துணிபு. எம் கருத்தை அத்துணிபுக்கு மறுப்பாகக் கொள்ள வேண்டா. பெயர் தொடர்ந்து நின்ற வகையை மட்டுமே ஈண்டுக் கூறினோம்.

இப்பெயர்கள் தமிழுக்கு வந்தபோது அதே நிகழ்ச்சி மீண்டும் நிகழ்ந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான முதல் தமிழ்ச் சிறுநூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. முத்துக்குளித்துறையில் உழைத்த அண்டிரீக்கு அடிகள் சைவர் வழக்கிலிருந்த தம்பிரான் என்னும் சொல்லைக் கிறித்தவர் இறைவனுக்கு ஆக்கினார். கத்தோலிக்கர் நெடுங்காலம் 'சருவேசுரன்' என்றனர். தரங்கம்பாடி மரபினர் 'பராபரன்' என்றனர். பின்வந்த சீர்திருத்த மொழிபெயர்ப்பு 'தேவன்' எனக் கொண்டது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. இவற்றுள் ஒன்றேனும் முன்னர்ப் பிற தெய்வத்துக்கு வழங்காத சொல் அன்று. உமறுப்புலவரும் தம் 5027 விருத்தங்கொண்ட காப்பியத்தைக் 'கடவுள் வாழ்த்துப் படலம்' எனத் தமிழ் மரபிலேயே தொடங்குகின்றார். சங்க நூல்களில் மரத்திலும் மலையிலும் உறையும் தெய்வங்களுக்கு வழங்கிய 'கடவுள்' என்னும் சொல், அவர் காப்பியத்தில் உருவமற்ற ஒருவனுக்கு உரியதாயிற்று. சொல் மாறாமல் அதன் ஆட்சி மாறியது என்க.

4. கந்தும் கந்தழியும்

தமிழில் இதற்குச் சிறந்த சான்று 'கந்தழி' என்னும் சொல்லாகும். தொல்காப்பியர் புறத்திணையியலில் கொடிநிலை, கந்தழி, வள்ளி என மூன்றைக் கடவுள் வாழ்த்தொடு சார்த்திக் கூறினார். உரையாசிரியர் இதற்குக் கொண்ட பொருள் வேறுபடும். நச்சினார்க்கினியர் கொடிநிலையைக் கதிரவன் என்றும் வள்ளியைத் திங்கள் என்றும் கொண்டு, கந்தழியைப் பற்றுக்கோடு யாதுமின்றி அருவாய்த் தனித்து நிற்கும் மெய்ப்பொருளாக விளக்கினார். புறப்பொருள் வெண்பாமாலையோ, திருமால் சோ என்னும் அரணை எறிந்த வெற்றியே கந்தழி என்கிறது. ஒன்று மெய்ப்பொருளியல், மற்றொன்று ஒரு தெய்வத்தின் போர்ச் செயல்.

இச்சொல்லின் முதற்பகுதியாகிய 'கந்து' தூணைக் குறிக்கும். பொதியிலில் நட்ட கந்தில் தெய்வம் உறைவதாகக் கருதி மக்கள் வழிபட்டமை சங்க நூல்களால் தெளிவாகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துப் பொதியிலில் மகளிர் மெழுகி, விளக்கேற்றி, மலரணிந்து தொழும் கந்தினைப் பட்டினப்பாலை காட்டும். ஊர் பாழ்பட்டபோது கந்தை விட்டுத் தெய்வம் நீங்கியதாக அகநானூற்றுப் பாட்டொன்று கூறும். மணிமேகலையில் கந்திற்பாவை வருவதுரைக்கும் தெய்வமாக நிற்கின்றது. ஆகவே கந்து என்பது அக்காலத்தார்க்கு வெறும் தூண் அன்று. தெய்வம் தங்கும் இடம்.

நச்சினார்க்கினியர் கொண்ட பொருளை இவ்வழக்கோடு வைத்து நோக்குவோம். எப்பற்றுக்கோடும் இல்லாத ஒன்று என்னும் உயர்ந்த கருத்தைச் சொல்லுதற்கு, 'கந்து அற்றது' என்றே தமிழ் கூறவேண்டியதாயிற்று. தெய்வம் கந்தில் உறையும் என்று நம்பிய மக்களிடையேதான் கந்தின்றி நிற்கும் தெய்வம் என்பது பொருள்பொதிந்த கூற்றாகும். அருவப் பொருளைக் குறிக்கும் சொல்லின் உள்ளேயே அது விலக்கிய மரத்தூண் நிற்கின்றது. பழைய வழிபாட்டை மறுக்கும் சொல்லே அவ்வழிபாட்டைக் காத்து வைத்திருத்தல் இதனால் விளங்கும்.

இசுரவேல் நாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. அசேரா என்பது பெண் தெய்வத்தின் பெயர். அத்தெய்வத்துக்கு நட்ட மரத்தூணின் பெயரும் அதுவே. ஏறத்தாழக் கி.மு. 622இல் யோசியா மன்னன் எருசலேம் ஆலயத்தினுள்ளிருந்த அசேராவை வெளிக்கொணர்ந்து எரித்தான் என அரசர் இரண்டாம் நூல் கூறும். எரித்தான் எனின், அதுகாறும் அஃது ஆலயத்தினுள் நின்றது என்பது பெறப்படும். சீனாய்ப் பாலையில் குந்திலத் அச்ரூத் என்னுமிடத்தில் 1975, 1976ஆம் ஆண்டுகளில் கிடைத்த ஏறத்தாழக் கி.மு. எட்டாம் நூற்றாண்டுச் சாடிகளில், யாவேயின் பெயராலும் அவருடைய அசேராவின் பெயராலும் வாழ்த்துக் கூறப்பட்டுள்ளது. அது தெய்வத்தையா தூணையா குறித்தது என்பதில் அறிஞர் வேறுபடுவர். இரண்டில் எதுவாயினும் வழிபாட்டில் இணை ஒன்று இருந்தமை தெளிவு.

தமிழ் மொழிபெயர்ப்பில் இச்சொல் பட்ட பாடும் நோக்கற்குரியது. பழைய மொழிபெயர்ப்பு ஆங்கில நூலைப் பின்பற்றி இதனைத் 'தோப்பு' என்றது. திருவிவிலியம் 'அசேராக் கம்பம்' எனத் திருத்தியது. முன்னதைப் படித்தவர்க்குச் சுவடு மறைந்தது. பின்னதைப் படிப்பவர்க்குக் கொங்கு நாட்டு மாரியம்மன் விழாவில் நடப்பெறும் கம்பம் நினைவுக்கு வரும். மூலத்தின் ஒரு சொல்லைப் பிழைபட உணரின் ஒரு சமயத்தின் இளமை வரலாறே மறையும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

5. உறவும் பணியும்

பல தெய்வங்களை ஒன்றன்கீழ் அமைக்கும் வழிகளுள் உறவு கூட்டல் ஒன்று. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடிய நக்கீரர், சிவன், பலதேவன், திருமால், முருகன் ஆகிய நால்வரோடும் அவனை ஒப்பிடுகின்றார். புறநானூற்று 56ஆம் பாட்டாகிய அதில் நால்வர்க்கும் தனித்தனிக் கொடியும் நிறமும் உண்டு. ஒருவர்க்கு ஒருவர் தாழ்ந்தவர் அல்லர். சிலப்பதிகாரத்துப் புகாரிலும் இவர்தம் கோயில்கள் இந்திரன் கோயிலோடு அடுத்தடுத்து நிற்கின்றன. பிற்காலத்தில் முருகன் சிவன் மகனானான். பாலைநிலக் கொற்றவை முருகனுக்குத் தாயாகவும் சிவனுக்குத் துணைவியாகவும் ஆனாள். திருமால் அவளுக்கு உடன்பிறந்தான் ஆனான். இவ்வுறவுக்குள் இடம்பெறாத பலதேவன் தமிழ்நாட்டுத் தனிக் கோயில் வழிபாட்டிலிருந்து மறைந்தான்.

மற்றொரு வழி பணி அளித்தல். தொல்காப்பியர் அகத்திணையியலில் நானிலத்துக்கு நான்கு தெய்வங்களை வகுத்தார். அவருள் சேயோனும் மாயோனும் உறவால் நிலைபெற்றனர். மருதத்து வேந்தனும் நெய்தல் வருணனும் தம் நிலத்தை இழந்து, சிவன் கோயிலில் கிழக்கையும் மேற்கையும் காக்கும் திசைக்காவலர் ஆயினர். நிலத் தலைவர் வாயிற்காவலர் ஆனது போன்றது இது.

இதற்கு ஒப்பாவது எபிரேய மறையின் இணைச்சட்ட நூல், 32ஆம் அதிகாரம். உன்னதர் மக்களினங்களைப் பிரித்தபோது எவ்வெண்ணிக்கைப்படி எல்லை வகுத்தார் என்பதில் பாடவேறுபாடு உண்டு. எபிரேய மரபுப் பாடம் 'இசுரவேலின் மக்கள்' எனக் கூறும். சாக்கடற்சுவடி ஒன்று 'கடவுளின் மக்கள்' எனக் கூறும். கிரேக்க மொழிபெயர்ப்பின் ஏடுகள் பலவற்றில் 'கடவுளின் தூதர்' என்றுள்ளது. பாட ஆராய்ச்சி வல்லார் சாக்கடற் பாடமே பழையது என்பர். இனந்தோறும் ஒரு தெய்வம் என்னும் பழைய எண்ணம் அதில் நிற்கின்றது. தெய்வங்கள் தூதர் ஆன நிலையைக் கிரேக்கப் பாடமும், முற்றும் நீக்கப்பட்ட நிலையை மரபுப் பாடமும் காட்டும். ஏட்டுப் பாடத்தை ஒப்புநோக்கும் தமிழ் மாணவர்க்கு இம்முறை புதிதன்று. ஒரு சொல்லின் பாடவேறுபாட்டில் ஒரு கொள்கையின் வளர்ச்சி அடங்கியிருத்தல் கருதத்தக்கது.

கழுகுமலைச் சமணச் சிற்பங்களும் ஈண்டு உதவும். சமணம் படைப்புக் கடவுளை ஒப்பாத சமயம். எனினும் அக்குன்றில் தீர்த்தங்கரர் உருவங்களோடு அம்பிகை, பதுமாவதி ஆகிய இயக்கியரும் சிறப்பிடம் பெற்றுள்ளனர். மக்கள் வழிபட்ட பெண் தெய்வங்கள் அருகனின் ஏவல் தெய்வங்களாக அமைந்தனர். கொள்கை யாதாயினும் அமைக்கும் முறை ஒன்றே.

6. வரம் பெற்ற தெய்வங்கள்

இம்முறை இன்றும் உயிரோடு இயங்குவதை வில்லுப்பாட்டிற் காணலாம். நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் கொடை விழாவின்போது வில்லிசையாய்ப் பாடப்பெறும் சுடலைமாடன் கதை கயிலாயத்திலேயே தொடங்குகின்றது. பார்வதி பிள்ளைவரம் வேண்டி விளக்கின்முன் முந்தானை ஏந்த, சுடர்ப்பொறி விழுந்து பிண்டமாகிக் குழந்தையாகின்றது. அக்குழந்தை சுடலையிற் பிணந்தின்ன, அதனைக் கயிலையில் வைத்திருத்தல் தகாது என வரமளித்துச் சிவன் பூவுலகுக்கு அனுப்புகின்றார். மாந்தராய்ப் பிறந்து கொலையுண்டு தெய்வமானோர் கதைகளும் இப்போக்கினவே. நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையின் தலைவன் இவ்வகையினன். கொலையுண்டோர் கயிலை சென்று வரம்பெற்று மீள்வர். மீண்டபின்னரே அவர்க்குப் பீடமும் படையலும் உரியவாகும்.

இக்கதைகளில் சிவன் செய்யும் செயல் ஒன்றே. அவர் பேயை ஒழிப்பதில்லை, படையலை ஏற்பதுமில்லை. வரம் அளிக்கின்றார். ஊர்த்தெய்வத்தின் ஆற்றல் கயிலையிலிருந்து பெற்றது என்றாகும்போது, பல தெய்வங்களும் நிலைபெறுகின்றன. ஒருவனது தலைமையும் நிலைபெறுகின்றது. பசுவந்தனை இறைவன் திருப்பெயர் கைலாசநாதர் என்பதை இங்கு நினைக. ஊர்நடுவே கயிலைத் தலைவனும் ஊர்ப்புறத்தே கயிலையில் வரம் பெற்றோரும் அமையும் கரிசல் ஊரமைப்பு, வில்லுப்பாட்டுக் கதையை நிலத்தில் வரைந்தாற் போன்றது.

சித்தாந்த நூல்கள் இதனையே தத்துவ மொழியில் கூறும். பதிமூன்றாம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், மக்கள் எத்தெய்வத்தை வழிபடினும் உமையொருபாகனே அத்தெய்வமாய் வந்து பயன் அளிப்பான் என்றும், ஏனைத் தெய்வங்கள் பிறப்பு இறப்புக்கு உட்பட்டவை என்றும் கருத்துரைத்தார். அயனும் மாலும்கூடப் பதவி பெற்ற உயிர்களே. பாடகர் 'வரம்' என்பதைச் சிவாசாரியார் 'அதிகாரம்' என்றார். கல்லாதவர் கதையும் கற்றவர் தத்துவமும் ஒரே தேவையை நிறைவு செய்தன என்பதே யாம் கண்டது. ஆகவே வில்லுப்பாட்டைச் சித்தாந்தத்தின் சிதைவு என்றல் பொருந்தாது.

7. வழிபடு பொருள் அடியாராதல்

பசுவந்தனை என்னும் ஊர்ப்பெயருக்குப் பசு இறைவனை வந்தித்த தலம் எனப் பொருள் கூறுவது தலவரலாறு. பதி, பசு, பாசம் என முப்பொருள் கூறும் சித்தாந்தத்தில் பசு என்பது கட்டுண்ட உயிர். ஆதலின் ஆன் இலிங்கத்தை வணங்கியது என்னும் கதை, உயிர் இறைவனை வணங்கியது எனவும் பொருள் தரும். ஊர்ப்பெயரிலேயே சித்தாந்தம் அடங்கியதாகக் கற்றோர் மகிழ்வர்.

இக்கதை தனித்து நிற்பதன்று. திருவானைக்காவில் யானையும் சிலந்தியும், திருக்காளத்தியில் அவற்றோடு பாம்பும், திருவெறும்பூரில் எறும்பும் வழிபட்டன என்பது தலபுராண மரபு. இப்பட்டியலில் வரும் ஆவும் பாம்பும் யானையும் இந்நாட்டில் தாமே வணங்கப்பெறுபவை. புற்றுக்குப் பால் வார்த்தலும் மாட்டுப்பொங்கலன்று ஆவுக்குப் படைத்தலும் இன்றும் உள்ளன. தாமே வணங்கப்பெறுவன தலபுராணத்தில் வணங்குவனவாக நிற்கின்றன. ஒவ்வோர் ஊரிலும் முன்னர் அவ்விலங்கே தெய்வமாயிருந்தது எனத் துணிதல் மிகையாகும். தலபுராண இலக்கியம் முழுமையும் கொண்ட போக்கு இது எனக் கூறலாம். தெய்வத்தை அழியாது அடியாராக்கிக் கொள்ளுதல் அடக்கும் வழிகளுள் மென்மையானது. மரம் தலமரமாகவும், சுனை தீர்த்தமாகவும் கோயிலுள் இடம்பெற்றது இவ்வழியாலேயே என்க.

8. பேயாக்குதல்

வன்மையான வழியும் உண்டு. ஈரானில் அகுர மசுதாவை உயர்த்திய சரதுட்டிர நெறி, பழைய தெய்வங்களைக் குறித்த 'தைவ' என்னும் சொல்லைப் பேய்க்கு ஆக்கியது. இந்தியாவிலோ தேவர் உயர்ந்து அசுரர் தாழ்ந்தனர். எக்ரோன் நகரத்துத் தெய்வம் பாகால்செபூப், புதிய ஏற்பாட்டில் பெயெல்செபூல் என்னும் பேய்த் தலைவனாயிற்று. வரங்கொடுத்து வைத்துக்கொள்ளாத இடத்துப் பேய் எனப் பெயரிட்டு வெளியேற்றுதல் நிகழும்.

கால்டுவெல் முதலியோர் நெல்லைத் தெய்வங்கள் அனைத்தையும் பேய் என்றே எழுதினர். அதற்கு முன்னர், தரங்கம்பாடியில் 1713இல் தமிழர் தெய்வ மரபை எழுதிய சீகன்பால்கு ஐயர், மேலான ஒருவனைத் தமிழர் அறிந்திருந்தனர் என ஒப்புக்கொண்டே ஊர்த்தெய்வங்களையும் வகைப்படுத்தினார். நம் நூல்களில் வழங்கும் 'சிறுதெய்வம்', 'துட்டதேவதை' என்னும் சொற்களும் நடுநிலைச் சொற்கள் அல்ல. அவை ஒரு பக்கத்தின் தீர்ப்பு. ஆய்வாளர் அவற்றைத் தம் சொல்லாகக் கொள்ளின், ஆராயப் புகுமுன்னரே முடிவு கூறினவர் ஆவர்.

இத்தீர்ப்பு ஏட்டோடு நிற்பதுமன்று. 1950ஆம் ஆண்டின் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டத்தை 2003இல் தமிழக அரசு கண்டிப்பாகச் செயற்படுத்த முனைந்தபோது, தென்மாவட்டத்து ஊர்த்தெய்வக் கொடைகள் இடர்ப்பட்டன. எதிர்ப்பு எழுந்தது; 2004இல் அச்சட்டமே நீக்கப்பெற்றது. உயிர்ப்பலியின் அறம் குறித்து வாதிட இடமுண்டு; அது வேறு பொருள். எவ்வழிபாடு உயர்ந்தது என அரசாணை வகுக்க முற்படுங்கால், யோசியா மன்னன் கால வினா மீண்டும் எழுகின்றது என்பதே ஈண்டுக் குறிக்கத்தக்கது. ஆணையின்றியும் மாற்றம் நிகழ்கின்றது. ஊர்த்தெய்வப் பீடங்கள் கோபுரமும் குடமுழுக்கும் பெற்று, பழம்பெயர் மாறி ஆகமப் பெயர் ஏற்கின்றன. அது வழிபடுவோர் உரிமை. ஆயின் பழம்பெயரும் கதையும் எழுதி வைக்கப்படாமல் மறையின், சான்று என்றைக்கும் இல்லாதொழியும்.

9. முடிபு

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

ஒருதெய்வக் கொள்கை வெற்றிடத்தில் தோன்றுவதில்லை; முன்னிருந்த தெய்வங்களை ஓர் ஒழுங்கில் நிறுத்தியே அது நிலைபெறுகின்றது. அவ்வொழுங்கு ஐவகை வழிகளால் அமையும்: பெயரை ஏற்றல், உறவு கூட்டல், பணியும் வரமும் அளித்தல், அடியாராக்கல், பேயாக்குதல். இசுரவேலரின் மரபில் முதலாவதும் மூன்றாவதும் ஐந்தாவதும் மிக்குள்ளன. இணையாக நின்ற அசேராவை அது இறுதியில் நீக்கியது. இறைவனுக்கு மகளிர் உளர் என்னும் உறவை மறுத்து இசுலாம் இரண்டாவதனை அறவே விலக்கியது. சைவம் முதல் நான்கனையும் விரும்பிக் கையாண்டது. இவ்வேறுபாடே இச்சமயங்களின் இயல்பு வேறுபாட்டை விளக்க வல்லது. எண்ணால் ஒன்று என்பதில் ஒத்தவை, மற்றவற்றை என் செய்தன என்பதில் வேறுபடுகின்றன.

இரண்டாவதாக, சுவடு காண்பது கொள்கையின் மதிப்பைக் குறைப்பது ஆகாது. ஆற்றின் தலையூற்று சிறிதாயிருத்தல் ஆற்றுக்கு இழுக்கன்று. கந்தழி என்னும் கருத்து மரத்தூணிலிருந்து விலகி எழுந்தது எனக் காட்டினால், அது கடந்து வந்த தொலைவே புலப்படும். ஆதலின் சமயப்பற்றுடையார் இவ்வாய்வுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. பற்றிலாதார் இதனைக் கருவியாகக் கொள்ளவும் வேண்டுவதில்லை.

மூன்றாவதாக, இவ்வட்டாரச் சான்றுகள் பெரும்பாலும் எழுதா இலக்கியமாக உள்ளன. இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களையும் கதைகளையும் தொகுத்துக் காட்டிய நெறி நம்முன் உள்ளது. வில்லுப்பாட்டுக் கதைகளின் பாடவேறுபாடுகளை ஊர்தோறும் குறித்து, கயிலைப் பகுதியும் வரம்பெறும் பகுதியும் எவ்வெவ்வாறு பாடப்பெறுகின்றன என ஒப்பிட்டு, தெய்வப் பெயர்களின் பழைய வடிவையும் புதிய வடிவையும் பட்டியலிடுதல் பட்ட மேற்படிப்பு மாணவர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். குந்திலத் அச்ரூத்தில் சில சாடிகளின் எழுத்தை வைத்து அறிஞர் அரை நூற்றாண்டாக வாதிடுகின்றனர். கரிசற்காட்டிலோ பாடுவோரை அணுகிக் கேட்கவும், ஐயம் நேர்ந்துழி மீண்டும் வினவவும் இயலும். அவ்வாய்ப்பு உள்ளபோதே அதனைப் பயன்கொள்ளுதல் தமிழாய்வார் கடன்.